13.68 அங்குல சேர்வர் போர்டுக்கு கேசிங் தேடினேன், கிடைத்தது நெட்வொர்க் கபினட்

நான் வாங்கிய சேர்வர் மதர்போர்டின் பெயர் சூப்பர்மைக்ரோ எக்ஸ்9டிஆர்ஐ-எல்என்4எஃப் பிளஸ். பெயர்தான் நீளம் என்று பார்த்தால் போர்ட் அதைவிட நீளம். ஒரு பக்கம் 347 மி.மீ., மற்றப் பக்கம் 330 மி.மீ. வீட்டுக் கொம்பியூட்டரில் இருக்கிற சாதாரண ஏடிஎக்ஸ் போர்ட் 305க்கு 244 மி.மீ.தான். இதில் இரண்டு ஸியோன் ப்ரொசஸருக்கு இடம், 24 ரேம் சொக்கட், நாலு நெட்வொர்க் சொக்கட், திரையோ கீபோர்டோ இல்லாமல் தூரத்திலிருந்தே இயக்க ஐபிஎம்ஐ. பத்து வருசத்துக்கு முதல் டேட்டா சென்டரில் ஓடிய சாமான். இப்போது பழைய சேர்வர்களைப் பிரித்து விற்கிறவர்களிடம் மலிவு. ஏன் மலிவு என்றால், வாங்குகிறவனுக்கு இதை எதற்குள்ளே வைப்பது என்று தெரியாது. விற்கிறவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

எனக்கு இது தேவைப்பட்டது விர்ச்சுவல் மெஷின்களுக்கு, அதாவது ஒரே கொம்பியூட்டருக்குள் மென்பொருளால் தனித்தனியாக ஓடும் பல கொம்பியூட்டர்களுக்கு. அக்காவின் மகன் நெட்வொர்க்கிங் படிக்கிறான். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து மெஷின் ஓட்டிப் பழக வேண்டும். அதற்கு வேண்டியது வேகமான ப்ரொசஸர் அல்ல, நிறைய ரேம். டிடிஆர்3 சேர்வர் ரேம் அப்போது கிட்டத்தட்டக் கழிவு விலைக்குக் கிடைத்தது. ப்ரொசஸர் இரண்டும் இ5-2650 வி2, ஒவ்வொன்றும் 8 கோர், 95 வாட். இதெல்லாம் சுலபமாகச் சேர்ந்துவிட்டது. இழுபட்டது கேசிங்தான்.

முதலில் இந்த அளவுப் பெயர்களின் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். ஈ-ஏடிஎக்ஸ் என்றால் 305க்கு 330 மி.மீ. சேர்வர் உலகில் எஸ்எஸ்ஐ ஈஈபி என்று ஒன்று இருக்கிறது. அதுவும் 305க்கு 330தான், ஆனால் ஸ்குரூத் துளைகளில் சில வேறு இடத்தில். எஸ்எஸ்ஐ சிஈபி கொஞ்சம் சின்னது, 305க்கு 267. இதற்குப் பெரியண்ணன் ஹெச்பிடிஎக்ஸ், 345க்கு 381. ஈவிஜிஏ 2010இல் எஸ்ஆர்-2 போர்டுக்காகக் கொண்டுவந்தது. என் போர்ட் இவற்றில் எதுவும் இல்லை. சூப்பர்மைக்ரோ இதற்குத் தானே ஒரு பெயர் வைத்திருக்கிறது: என்ஹான்ஸ்டு எக்ஸ்டெண்டட் ஏடிஎக்ஸ். ஈ-ஏடிஎக்ஸைவிட 42 மி.மீ. கூட. அந்த 42 மி.மீ. வளர்வது பின்பக்க சொக்கட் வரிசைக்கு மேலே, அதாவது சாதாரண டவர் கேசிங்கில் கூரை இருக்கிற பக்கம். பவர் சப்ளை மேலே இருக்கும் பழைய டவர் என்றால் அந்த இடத்தில் பவர் சப்ளை உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு தொல்லை, கடைப் பெட்டியில் ஈ-ஏடிஎக்ஸ் என்று அடித்திருந்தால் அது 330 ஆழம் என்று அர்த்தமில்லை. கேம் விளையாடுகிறவர்களுக்கான கேசிங்குகளில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 272 அல்லது 280 மி.மீ. வரை என்று இருக்கும். அந்தச் சின்ன எழுத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒவ்வொரு கடையிலும் "ஈ-ஏடிஎக்ஸ் இருக்கு அண்ணா" என்றுதான் சொன்னார்கள். பொய் இல்லை. ஆனால் நான் டேப்பை எடுத்து போர்ட் தட்டின் பின் விளிம்பிலிருந்து, கேபிள் நுழைக்கிற ரப்பர் ஓட்டை வரை அளந்தால் எதுவும் 300ஐத் தாண்டவில்லை. ஒரு கடைப் பையன் சிரித்துக்கொண்டே, "அண்ணா, போர்டை விட்டுட்டு கேசிங்குக்கு ஏத்த போர்ட் வாங்குங்க" என்றான். கெட்ட ஆலோசனை என்று சொல்ல முடியாது.

சரியான கேசிங் என்றால் சூப்பர்மைக்ரோவின் சொந்த 4யூ பெட்டி (யூ என்பது சேர்வர் சாமான்களின் உயரத்தைச் சொல்லும் அளவு), எஸ்சி846. போர்டின் ஒவ்வொரு துளைக்கும் அதில் தூண் இருக்கும். 437 மி.மீ. அகலம், 178 மி.மீ. உயரம், ஆழம் ஏறக்குறைய 660 மி.மீ.; முன்னால் 24 டிஸ்க். வெளிநாட்டில் பழையது விலை போகிறது, ஆனால் அந்த இரும்பைக் கொழும்புக்கு ஏற்றிவர ஆகும் செலவில் போர்ட், ப்ரொசஸர், ரேம் மூன்றையும் இன்னொரு செட் வாங்கலாம். அதோடு அதன் ஃபேன்கள் ஏசி அறையில் மனிதர் இல்லாத இடத்துக்குச் செய்தவை. வெள்ளவத்தை ஃப்ளாட்டில் பக்கத்து வீட்டு மாமி கதவு தட்டுவா.

கிரிப்டோ நாணயச் சூதாட்டக் காலத்து மைனிங் ஃப்ரேம்களையும் யோசித்தேன்: நாணயம் 'தோண்ட' கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக மாட்டும் திறந்த சட்டங்கள். 2022 செப்டெம்பரில் இதீரியம் நாணயம் மைனிங்கையே கைவிட்ட பிறகு கிராபிக்ஸ் கார்டை விற்றுவிட்டு வெறும் சட்டத்தை மூலையில் வைத்திருப்பவர்கள் கொழும்பில் கொஞ்சப் பேரில்லை. விலை சல்லி. ஆனால் அந்தச் சட்டத்தில் போர்ட் உட்காரும் தட்டு சாதாரண ஏடிஎக்ஸுக்குத்தான். தட்டை மாற்றலாம், மாற்ற முடியாதது திறந்திருப்பது. கடலுக்கு இவ்வளவு கிட்ட உப்புக் காற்றில் திறந்த போர்டை வைக்க எனக்கு மனமில்லை. உப்பைவிடப் பெரிய எதிரி பல்லி. சூடான இடம் தேடி வந்து ரேமுக்கு நடுவில் படுக்கும், செத்தால் அதன் ஈரத்திலேயே ஷோர்ட் ஆகும். டிவி ரிப்பேர் செய்கிற யாரைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆகவே கேசிங் என்ற சொல்லை விட்டுவிட்டு, 347க்கு 330 தட்டையாகப் படுக்கக்கூடிய, மூடி உள்ள இரும்புப் பெட்டி எது என்று தேட ஆரம்பித்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனி ஓஃபிஸைக் காலி செய்து மேசை கதிரையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் குவியலில் ஒரு நெட்வொர்க் கபினட்: சுவரில் மாட்டுகிற வகை, 9யூ, 600 மி.மீ. அகலம், 450 மி.மீ. ஆழம், முன்னால் கண்ணாடிக் கதவு, பக்கத் தகடு இரண்டும் சாவி போட்டுக் கழற்றக்கூடியது. சுவிட்சையும் பேட்ச் பேனலையும் கழற்றிவிட்டு வெறும் பெட்டியைக் கொடுத்தார்கள்.

ஒரு யூ என்பது 44.45 மி.மீ. ஒன்பது யூ என்றால் 400 மி.மீ. உயரம். சாமான்களைப் பூட்டுகிற நிற்கும் சட்டங்கள், அதாவது ரெயில், இரண்டுக்கும் இடையில் 450 மி.மீ. திறப்பு. காகிதத்தில் எல்லாம் அடங்குகிறது. ஆனால் போர்டை வழக்கம்போல் பின் சொக்கட்டுகள் சுவர்ப் பக்கம் பார்க்க வைத்தால் ஆழம் போதாது: 330 போர்ட், அதற்கு முன்னால் ஃபேன், பின்னால் நெட்வொர்க் கேபிள் வளைய இடம். 450 ஆழப் பெட்டிக்குள்ளே கிடைப்பது அதைவிடக் குறைவு.

போர்டை 90 பாகை திருப்பியதும் எல்லாம் இடத்தில் விழுந்தது. பின் சொக்கட்டுகள் இடப்பக்கத் தகட்டைப் பார்க்கின்றன. இப்போது 347 மி.மீ. பக்கம் கபினட்டின் ஆழத்தோடு போகிறது, 330 மி.மீ. பக்கம் அகலத்தோடு. வலப்பக்கம் மூன்று 120 மி.மீ. ஃபேன் வரிசையாக நின்றால் 360 மி.மீ.; போர்டின் 347க்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. ஃபேன் தடிப்பு 25, அதற்கும் போர்டுக்கும் இடைவெளி 30, போர்ட் 330. 450இல் மிச்சம் 65. ரெயிலுக்கு வெளியே பக்கத் தகடு வரை இன்னும் கொஞ்ச இடம் இருப்பதால் கேபிள் தாராளமாக வளையும். காற்று வலத்திலிருந்து இடத்துக்கு ஓடும். சேர்வர் போர்ட் எதிர்பார்ப்பதும் அதைத்தான்: முன் விளிம்பில் நுழைந்து, ரேம்களுக்கு இடையால், ப்ரொசஸரின் சூட்டை உறிஞ்சும் உலோகத் துண்டான ஹீட்சிங்கைத் தாண்டி, பின் சொக்கட் பக்கம் வெளியே. திசை வடக்கா தெற்கா என்று போர்டுக்குத் தெரியாது.

அடுத்து தட்டு. கபினட்டோடு வரும் தட்டுகள் மெல்லிசு, ஓட்டை ஓட்டையாக இருக்கும். நான் நினைத்த இடத்தில் துளை போட்டால் பாதி பழைய ஓட்டைக்குள் போகும். புதிதாக 2 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டுவித்தேன். பழைய சோனகத் தெருவில் ஹாட்வேர் கடைகளுக்கு நடுவே அலுமினியம் வெட்டித் தருகிற இடங்கள் இருக்கின்றன. நான் போன கடை நானா அளவுக் கடதாசியைப் பார்த்துவிட்டு, "ஜன்னலுக்கா தம்பி?" என்றார்.

"இல்ல நானா, கொம்பியூட்டருக்கு."

"இவ்வளவு பெரிய கொம்பியூட்டரா? அளவு சரியா ஈக்கா பாருங்க, வெட்டினா திருப்பி எடுக்கேலா."

445க்கு 380. ரெயில் திறப்பைவிட 5 மி.மீ. குறைத்தது, தட்டு முன்னால் இழுபட வேண்டும் என்பதற்காக. வெட்டிய பிறகு விளிம்பை அவரே அரம் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். மிச்சத் துண்டிலிருந்து இரண்டு எல் கோணமும் வாங்கினேன். முன் ரெயிலுக்கும் பின் ரெயிலுக்கும் இடையில் அவற்றைப் பூட்டி அதன்மேல் தட்டு உட்காரும். கீழிருந்து நாலு யூ உயரத்தில் வைத்தேன். மேலே ஐந்து யூ, அதாவது 222 மி.மீ. மிச்சம். இந்த உயரம் ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

துளைகளைத் தகட்டுக்கு மாற்றுவதுதான் இந்த வேலையின் உயிர். போர்டைத் தகட்டின் மேல் வைத்து மார்க்கரால் புள்ளி போடலாம் என்று தோன்றும். சரிவராது. எல்ஜிஏ 2011 (இந்த ப்ரொசஸர் உட்காரும் சொக்கட்டின் வகை) போர்டில் ஒவ்வொரு ப்ரொசஸருக்கும் அடியில் ஒரு உலோகப் பிடி பிதுங்கி நிற்கும். போர்ட் தட்டையாக உட்காராது, ஆடும். ஆகவே தடித்த கார்ட்போர்ட் ஒன்றை எடுத்தேன். ரெஜிஃபோம் வேண்டாம், அது ஸ்டாட்டிக் பிடிக்கும். அந்த இரண்டு பிடிகளும் வருகிற இடத்தை முதலில் சதுரமாக வெட்டி எடுத்தேன். இப்போது போர்ட் அசையாமல் படுத்தது. ஒவ்வொரு துளைக்குள்ளும் விளக்குமாற்று ஈர்க்கை நேராக விட்டு கார்ட்போர்டைக் குத்தினேன். ஈர்க்கைத் துளையின் நடுவில் பிடிக்க வேண்டும், சுவரில் சாய்ந்தால் ஒரு மி.மீ. போய்விடும். போர்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் கார்ட்போர்டில் துளைகளின் வரைபடம். அதைத் தகட்டின் மேல் ஒட்டி, சென்டர் பஞ்சால் ஒவ்வொரு புள்ளியையும் அடித்து, 3.2 மி.மீ. ட்ரில் ஓட்டினேன்.

இங்கே ஏடிஎக்ஸ் காரர்கள் ஒரு நல்லது செய்து வைத்திருக்கிறார்கள். போர்டில் இருக்கும் துளை 3.96 மி.மீ.; நாம் போடும் ஸ்குரூ எம்3, அதாவது 3 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு மி.மீ. விளையாட்டு. கை ட்ரில்லில் செய்கிறவனுக்கு அது போதும். எல்லா ஸ்குரூவையும் பாதி முறுக்கிவிட்டு, எல்லாம் ஏறிய பிறகு கடைசியில் இறுக்கினால் போர்ட் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும்.

தூண்களுக்கு 10 மி.மீ. பித்தளை ஸ்டாண்ட்ஓஃப், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக்ஸ் சாமான் கடையில் வாங்கியவை. கடைக் கேசிங்கில் இது ஆறரை மி.மீ. அளவில்தான் இருக்கும், ஏனென்றால் கார்டுகளின் முன் தகடு கேசிங்கின் ஜன்னலோடு பொருந்த வேண்டும். எனக்கு அப்படி ஜன்னல் இல்லை, ஆகவே கொஞ்சம் உயர்த்தினேன். அடியில் பிதுங்கும் பிடிகளுக்கும் சால்டர் முனைகளுக்கும் நல்ல இடைவெளி. 2 மி.மீ. அலுமினியத்தில் மரை போட்டு நம்புவதைவிட அடியில் நட், வோஷர் போட்டு இறுக்குவது நல்லது. போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு தூண்கூட நிற்கக் கூடாது என்பதை மட்டும் பலமுறை சரிபாருங்கள். தவறிய ஒரு தூண் அடியில் தொட்டால் போர்ட் போகும்.

கார்டுகளுக்குப் பிடிமானம் வேண்டும். இடப்பக்கம் இரண்டு நிற்கும் கோணம், அவற்றின் தலையில் ஒரு குறுக்குக் கோணம். டிஸ்க்குகளை இணைக்கிற எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டின் முன் தகட்டு நாக்கை அதில் ஸ்குரூ போட்டுப் பிடித்தேன். டிஸ்க் கேபிளை இழுக்கும்போது கார்ட் ஆடாமல் இருப்பதற்கு இது கட்டாயம்.

ஹீட்சிங்க் வாங்கும்போது கவனம். எல்ஜிஏ 2011 சேர்வர் போர்டுகளில் பூட்டும் துளைகள் இரண்டு விதம்: 80க்கு 80 மி.மீ. சதுரம், 56க்கு 94 மி.மீ. குறுகியது. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது. நான் நாக்டுவா என்ஹெச்-யூ9டிஎக்ஸ் ஐ4 எடுத்தேன். இரண்டு விதத்துக்குமான பூட்டும் பெட்டியிலேயே வருகிறது. இங்கே கிடைக்காது, சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பனின் சூட்கேஸில் வந்தது. உயரம் 125 மி.மீ. மேலே விட்ட ஐந்து யூ இதற்குத்தான்.

பவர் சப்ளை கபினட்டின் அடியில், தட்டுக்குக் கீழே. போர்டுக்கு 24 பின்னோடு இரண்டு 8 பின் ப்ரொசஸர் இணைப்பும் வேண்டும். கடையில் கிடைக்கிற மலிவு பவர் சப்ளைகளில் அது ஒன்றுதான் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளைப் பார்த்து இதுவும் எட்டுத்தானே என்று நினைக்க வேண்டாம். ப்ரொசஸர் இணைப்பில் நாலு 12 வோல்ட், நாலு எர்த். கிராபிக்ஸ் இணைப்பில் மூன்று 12 வோல்ட், ஐந்து எர்த், அதுவும் தலைகீழ்ப் பக்கத்தில். அவை சாதாரணமாக நுழையாத மாதிரித்தான் வார்த்திருக்கிறார்கள். பிளேடால் சீவி நுழைத்த ஆட்களை எனக்குத் தெரியும். கபினட்டில் எர்த் போல்ட் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு பச்சை வயர் தட்டுக்கும், இன்னொன்று பவர் சப்ளையின் உடம்புக்கும். இரும்புப் பெட்டிக்குள் 230 வோல்ட் போகிறது, இதில் சோம்பல் கூடாது.

ஓன் பண்ண சுவிட்ச்? வாசல் காலிங் பெல் சுவிட்ச். அழுத்தினால் தொடும், விட்டால் விலகும். கேசிங்கின் பவர் பட்டன் செய்வதும் அவ்வளவுதான். சூப்பர்மைக்ரோவின் ஜேஎஃப்1 என்ற 16 பின் வரிசையில் 1, 2 இரண்டு பின்னுக்கு அதன் வயரை விட்டேன். கதவு ஓரத்தில் அந்த வெள்ளை பெல் சுவிட்ச் நிற்பதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை அழுத்தப் பார்க்கிறார்கள், ஆகவே ஐபிஎம்ஐ வழியாக ஓன் ஓஃப் செய்யப் பழகிய பிறகு அதன் வயரைக் கழற்றிவிட்டேன்.

முதல் முறை ஓடவிட்டபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஃபேன் சத்தத்தைத் தவிர. அடங்கி ஓடும், திடீரென்று ஜெட் போல உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். மருமகன் ஓடிவந்து, "மாமா, வெடிக்கப்போகுதா?" என்றான். இது பழுதல்ல. சேர்வர் ஃபேன்கள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடுகிறவை; ஐபிஎம்ஐ சிப் அதை வைத்துத்தான் கீழ் எல்லையைப் போட்டிருக்கிறது. 120 மி.மீ. ஃபேன் அமைதியாக ஐந்நூறு சுற்றுக்குக் கீழே இறங்கியதும் ஃபேன் செத்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் முழு வேகத்துக்குத் தள்ளுகிறது. வேகம் ஏறியதும் ஃபேன் உயிரோடு இருக்கிறது என்று விட்டுவிடுகிறது. பிறகு மீண்டும் அதே கூத்து. ஐபிஎம்ஐடூல் என்ற கருவியால் ஒவ்வொரு ஃபேனின் மூன்று கீழ் எல்லைகளையும் 150, 225, 300 சுற்று என்று இறக்கினேன். உறுமல் நின்றது.

வெக்கைதான் கடைசிப் பிரச்சினை. பக்கத் தகடுகளில் இருந்த சின்னக் கீறல்களால் காற்று போதவில்லை. இரண்டு தகட்டிலும் நடுவை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே துளைத் தகடும் அதற்குப் பின்னால் நுளம்பு வலையும் ரிவிட் அடித்தேன். வலைக்கண் பல்லிக்குட்டி நுழையாத அளவு. காற்று போர்டுக்கு மேலால் சுற்றிக்கொண்டு ஓடாமல் இருக்க, விளம்பரப் பலகைக்குப் பாவிக்கும் பிளாஸ்டிக் அட்டையை வளைத்து ஃபேனிலிருந்து ஹீட்சிங்க் வரை கூரை போட்டேன். கூரைக்கு முன் முழுச் சுமையில் ப்ரொசஸர் 79 டிகிரி போனது, பிறகு 68. அறை வெப்பம் 31, ஏசி இல்லை.

கூரை ஒரு புதுத் தொல்லையைக் கொண்டுவந்தது. காற்றெல்லாம் ப்ரொசஸர் பக்கம் திரும்பிவிட, அந்த எல்எஸ்ஐ கார்டின் ஹீட்சிங்கில் விரல் வைக்க முடியவில்லை. சேர்வர் காற்றோட்டத்தை நம்பிச் செய்த கார்ட், அதற்கென்று ஃபேன் கிடையாது. அட்டைக் கூரையின் கார்ட் பக்க ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி எடுத்தேன், ஹீட்சிங்கின் மேல் 40 மி.மீ. ஃபேன் ஒன்றையும் கேபிள் டையால் கட்டினேன். ப்ரொசஸர் ஒரு டிகிரி ஏறியது, கார்ட் விரல் வைக்கிற சூட்டுக்கு இறங்கியது. மூன்றாம் ஃபேனைப் போர்டின் எந்த இணைப்பில் சொருகினால் கார்டின் பக்கம் மட்டும் தனியாக வேகம் கூட்டலாம் என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.